டிஷ்ஷா? கேபிளா? - ஒரு பாண்டிக்காரனின் பஞ்சாயத்து

போன வாரம் நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். நம்மள மாதிரியே பல வருஷமா எழுதிக் கிழிச்சுட்டு இருக்கிறவர்தான். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா நேரா லாஸ்பேட்டையிலேர்ந்து வண்டியை எடுத்துட்டு சண்டைக்கு வந்துடுவார். வந்தவர் காபியைக் குடிச்சோமா கிளம்பினோமான்னு இருக்காம, எங்க டி.வி.க்குக் கீழ இருந்த கேபிள் பெட்டியைப் பாத்து ஒரு நக்கல் சிரிப்பு சிரிச்சார்.

"யோவ், இன்னமும் கேபிளா? கேட்ட படத்தைக் கேட்ட நேரத்துல வீட்டுக்குள்ள கொண்டாந்தது டிஷ்தான்யா. அந்தப் புரட்சியெல்லாம் நடந்து முடிஞ்சு போச்சு. உன் கேபிள்காரன் இத்தனை வருஷத்துல என்னத்தக் கிழிச்சான்?"

அந்த நேரம் பாத்து வாய் நிறைய பஜ்ஜி. தங்கமணி வேற பக்கத்துல. ஒண்ணும் சொல்ல முடியல. அன்னைக்கு ராத்திரி தூக்கமும் வரல. அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்.

முதல்ல ஒரு விஷயம் மக்களே. நான் கேபிள் கட்சின்னு யாரும் முத்திரை குத்த வேணாம். 2008-லயே மொட்டை மாடியில டிஷ் மாட்டினவன் நான். 2003 அக்டோபர்ல டிஷ் டி.வி. வந்தப்ப வேடிக்கை பாத்தேன். 2006 ஆகஸ்ட்ல டாடா ஸ்கை வந்தப்ப விலை விசாரிச்சேன். 2007 டிசம்பர்ல சன் டைரக்ட் வந்து தெருவுக்குத் தெரு குடை குடையா முளைச்சதும் மனசு தாங்கல, அடுத்த வருஷம் நாமளும் ஒண்ணை மாட்டிட்டோம். எந்தக் கம்பெனின்னு சொல்ல வேணாம். கேபிள் அண்ணன் மேல அப்ப அவ்வளவு கோவம். பில்லு கிடையாது, ரசீது கிடையாது. "இந்த மாசத்துலேர்ந்து இருபது ரூபா சேத்துக் குடுங்க" அப்படின்னு வாசல்லயே சட்டம் போடுவார். மேட்ச் நடக்குற அன்னைக்குக் கரெக்டா ஒயர் புடுங்கிக்கும். போன் பண்ணா எடுக்க மாட்டார். நண்பர் கேபிள்காரங்களத் திட்டுற திட்டுல முக்காவாசி நியாயம்தான், நானே சேந்து திட்டுவேன்.

ஆனா, "கேட்ட படத்தைக் கேட்ட நேரத்துல கொண்டாந்தது டிஷ்" அப்படின்னாரே, அது பச்சைப் பொய். அவரைச் சொல்லல, அவருக்குச் சொன்ன விளம்பரத்தைச் சொல்றேன்.

டிஷ்ஷுல படம் எப்படி வருதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பூமத்திய ரேகைக்கு மேல ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உசரத்துல ஒரு செயற்கைக்கோள். அது ஊருக்கெல்லாம் ஒரே மழை பெய்யிற மாதிரி எல்லார் மாடியிலயும் ஒரே சிக்னலைக் கொட்டுது. உங்க டிஷ் அதை வாங்கும், அவ்வளவுதான். திரும்ப மேல ஒரு வார்த்தை அனுப்ப அதால முடியாது. ரிமோட்டுல நீங்க என்ன குத்தினாலும் அது உங்க பெட்டியோட நின்னு போயிடும், கோளுக்குத் தெரியாது. அதனாலதான் படம் வேணும்னா எஸ்.எம்.எஸ். அனுப்பு, கால் சென்டருக்குப் போன் போடுன்னான்.

அப்புறம் காசு கட்டினா படம் எப்படி வந்துச்சு? அது ஏற்கனவே வந்துட்டுதான் இருந்துச்சு சார்! நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே, கேக்காத வீட்டு மாடிக்கும் சேத்து அந்தப் படம் வந்து விழுந்துட்டே இருக்கு. பூட்டுப் போட்டு வருது, அதான் தெரியல. 50 ரூபா கட்டினதும் உங்க பெட்டிக்கு மட்டும் சாவி வருது. படத்தை உங்களுக்காக யாரும் போடல. ஒன்பது மணிக்கு ஒரு ஷோ, பன்னெண்டு மணிக்கு ஒரு ஷோ, மூணு மணிக்கு ஒரு ஷோன்னு அவன் பாட்டுக்கு ஓட்டிட்டு இருக்கான். ஒன்பதரைக்கு நீங்க வந்து உக்காந்தா? அரை மணி நேரம் போச்சு. வேணும்னா பன்னெண்டு வரைக்கும் காத்திருங்க. இதைத்தானே நம்ம ராமன் தியேட்டர்லயும் பாலாஜியிலயும் காலங்காலமா பண்ணாங்க? அங்கயாவது இடைவேளையில சமோசா கிடைச்சுது.

சரி, அரை மணிக்கு ஒரு தடவை ஆரம்பிக்கிற மாதிரி ஓட்டக் கூடாதான்னு கேப்பீங்க. ஓட்டலாம். ரெண்டரை மணி நேரப் படம் ஒண்ணை அரை மணிக்கு ஒரு தடவை ஆரம்பிக்கணும்னா அஞ்சு சேனல் வேணும். அஞ்சு படத்துக்கு இருபத்தஞ்சு சேனல். எம்பெக்-4-ல அமுக்கினாலும் ஒரு டிரான்ஸ்பாண்டர்ல சாதாரண தரத்துல இருபது சொச்சம் சேனல்தான் அடங்கும். கோள்ல டிரான்ஸ்பாண்டர் என்ன கோயில் பிரசாதமா, கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்க? சீரியல் சேனல் போடவே இடம் இல்லாத வண்டியில படத்துக்கு எங்க போவான்? 2010 ஜூலையில இன்சாட்-4பி கோள்ல மின்சாரக் கோளாறாகி பாதி டிரான்ஸ்பாண்டரை நிறுத்த வேண்டி வந்துச்சு. சன் டைரக்ட் அந்தக் கோள்லதான் இருந்துச்சு, வேற கோளுக்கு ஓட வேண்டியதாப் போச்சு. அவ்வளவு நெருக்கடியான இடம் அது.

பின்னாடி ஹார்ட் டிஸ்க் வச்ச பெட்டி வந்துச்சு. ராத்திரி நாம தூங்கும்போது அதுவே சில படங்களை இறக்கி வச்சுக்கும், காலையில எழுந்து பாத்துக்கலாம். நல்ல வித்தைதான். ஆனா எந்தப் படத்தை இறக்குறதுன்னு முடிவு பண்றது யாரு? நாமளா? ஓட்டல்ல உக்காந்து தோசை கேட்டா, "சார், உங்களுக்காக நேத்தே இட்லி எடுத்து வச்சிருக்கேன்"கிற கதை. அதுக்கப்புறம் பெட்டிப் பின்னாடி இன்டர்நெட் ஒயரைச் சொருகச் சொன்னாங்க. சொருகினதும் நிஜமாவே கேட்ட படம் வந்துச்சு. ஆனா அது எங்கிருந்து வந்துச்சு மக்களே? மாடியிலேர்ந்தா? தரையில போட்ட ஒயர்லேர்ந்து!

இங்கதான் என் பஞ்சாயத்து. கேட்டதைக் கேட்டப்ப குடுக்குற வேலையை ஒயரால செய்ய முடியும். ரெண்டு பக்கமும் பேசுற சக்தி அதுக்கு இருக்கு. ஃபைபர் கொண்டாந்து தெருவுல போட்டு, அங்கிருந்து கோஆக்ஸியல் ஒயர்ல வீட்டுக்கு இழுத்தா, படம் வர்ற அலைவரிசைக்குக் கீழ ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி வீட்டுலேர்ந்து திரும்பப் பேசலாம். தெருவுல இருக்குற ஆம்ப்ளிஃபயர் ரெண்டு பக்கமும் விடணும், பெட்டிக்குப் பதில் சொல்லத் தெரியணும். இது கற்பனையும் இல்ல. அமெரிக்காவுல ஆர்லாண்டோ ஊர்ல டைம் வார்னர் கேபிள் கம்பெனி 1994 டிசம்பர்லயே இப்படிப் பண்ணிக் காட்டினான். உக்காந்த இடத்துலேர்ந்து படத்தைத் தேர்ந்தெடுக்கலாம், நிறுத்தலாம், பின்னாடி ஓட்டலாம். பெட்டி விலை எக்கச்சக்கம், கட்டுப்படியாகாம 1997-ல மூடிட்டான். ஆனா அடுத்த பத்து வருஷத்துல அந்த ஊர் கேபிள்காரங்க அதையே மலிவாக்கி வீட்டுக்கு வீடு குடுத்தாங்க. அங்க டிஷ்காரன்தான் ஈடு குடுக்க முடியாம ஹார்ட் டிஸ்க் பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சான்.

ஆக டிஷ்ஷால முடியாது. கேபிளால முடியும், ஆனா செய்யல. எனக்குக் கோவம் ரெண்டாவது ஆள் மேலதான் நிறைய.

ஏன் செய்யலன்னு பாப்போம். கேபிள்னா என்ன, தெருவுக்கு ஒருத்தர் ஒயர் இழுத்தது. அவருக்கு மேல பெரிய கட்டுப்பாட்டு அறைக்காரர், அவருக்கு மேல சேனல்காரர். முன்னூறு வீடு இருந்தா மேலிடத்துக்கு அறுபதுன்னு கணக்குக் குடுப்பார் தெருக்காரர். மேலிடம் அதை நம்பாம தானா ஒரு கணக்குப் போடும். சேனல்காரர் ரெண்டு பேரையும் நம்ப மாட்டார். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்துறதுலயே பொழுது போச்சு, ஒயரை மாத்தணும்னு யாருக்குத் தோணும்? 2003 செப்டம்பர்ல சென்னையில மட்டும் கட்டண சேனலுக்குப் பெட்டி கட்டாயம்னு கொண்டாந்தாங்க. மத்த பெருநகரத்துக்கெல்லாம் அது எட்டிப் பாக்கவே 2006 கடைசி ஆச்சு. பாண்டிக்கு அந்தப் பேச்சே கிடையாது.

அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு பொன்னான வாய்ப்பு. 2011-ல கேபிள் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுக்க டிஜிட்டல் பெட்டி கட்டாயம்னாங்க. நாலு கட்டமா. 2012 அக்டோபர் 31-ல நாலு பெருநகரம், 2013 மார்ச்ல 38 ஊரு, 2015 டிசம்பர்ல மிச்ச நகரமெல்லாம், கடைசியா கிராமம் வரைக்கும் போய் 2017 மார்ச்ல முடிச்சாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் பெட்டி மாறியே ஆகணும், தெருவுல கை வச்சே ஆகணும். கொடுமை என்னன்னா, அவ்வளவு பெரிய வேலை பண்ணும்போது இருக்கறதுலயே மலிவான, ஒரு பக்கம் மட்டும் கேக்குற செவிட்டு... மன்னிக்கணும், ஊமைப் பெட்டியா பாத்து ஊர் பூரா மாட்டினாங்க. மறையாக்கம் இருக்கா, எத்தனை வீடுன்னு எண்ண முடியுதா, அதைப் பாத்தாங்க. பாக்குறவன் ஏதாவது திருப்பிச் சொல்ல முடியுமான்னு எவனும் பாக்கல. மத்தவங்க கணக்குச் சரியாக நம்ம காசுல பெட்டி வாங்கினோம் மக்களே. நமக்குன்னு கிடைச்சது கலர் கொஞ்சம் பளிச்சுனு. இதைத்தான் சொந்த செலவுல சூனியம்னு சொல்றது.

இன்னொண்ணு, இந்தப் பெட்டியை வேற ஆள்கிட்ட கொண்டு போக முடியுமா? முடியாது. டிஷ் கம்பெனியை மாத்தினா பெட்டி வேஸ்ட்டு, கேபிள்காரரை மாத்தினாலும் வேஸ்ட்டு. எந்தக் கம்பெனிப் பெட்டியும் எங்கயும் ஓடணும்னு டிஷ் உரிமத்துலயே ஷரத்து இருந்துச்சு. ஓடிச்சா? 2020 ஏப்ரல்ல டிராய் மறுபடி உக்காந்து அதையே பரிந்துரை பண்ணுச்சு. எங்க வீட்டுப் பரண்ல இப்ப மூணு பெட்டி கிடக்கு. பழைய இரும்புக்காரர் கூட வேணாம்னுட்டார்.

பாண்டியில இருக்கறவனுக்குக் கூடுதலா ஒரு வயித்தெரிச்சல் உண்டு. 2011 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது தமிழ்நாட்டுக்குத்தான். நம்ம ஊர் எல்லை எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. முத்தியால்பேட்டையிலேர்ந்து வடக்க சைக்கிளை மிதிச்சா கொஞ்ச நேரத்துல கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அங்க இருக்குற என் சின்னம்மா வீட்டுல 70 ரூபாய், எங்க வீட்டுல 150. "ஏன்டா, பிரெஞ்சுக்காரன் போயும் உங்களுக்கு வரி போகலையா?" அப்படின்னு சித்தப்பா ஓட்டுவார். சிரிச்சுட்டு வந்துடுவேன், வேற என்ன பண்றது.

சரி, நண்பரோட பெரிய அஸ்திரத்துக்கு வருவோம். "விஸ்வரூபம் ஞாபகம் இருக்கா? கமல் அன்னைக்கே சொன்னாரே!"

இருக்குய்யா. நல்லா ஞாபகம் இருக்கு. 2013 ஜனவரி. தியேட்டருக்கு முந்தின நாள் ராத்திரி டி.டி.எச்-ல படம், ஜனவரி 10-ம் தேதி, தமிழுக்கு 1000 ரூபாய்னு அறிவிச்சார். தியேட்டர்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க. வீட்டுல காட்டினா நாங்க ஓட்ட மாட்டோம்னாங்க. தேதி தள்ளிப் போச்சு. தியேட்டர்ல ஜனவரி 25, டி.டி.எச்-ல பிப்ரவரி 2-ன்னு ஆச்சு. அதுக்குள்ள முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்பு, தமிழ்நாடு அரசு தடை, கோர்ட்டு, சமரசம். கடைசியில பிப்ரவரி 7-ல தமிழ்நாட்டுத் தியேட்டர்ல வந்துச்சு. டி.டி.எச். ஒளிபரப்பு அப்படியே ஆவியாப் போச்சு.

அதுல நானும் ஒரு பார்ட்டி. 1000 ரூபா கட்டி முன்பதிவு பண்ணியிருந்தேன். எனக்காக இல்ல, அப்பாவுக்காக.

அப்பா ஏ.எஃப்.டி. மில்லுல முப்பது வருஷம் நெய்தவர். நின்னு நின்னே முட்டி ரெண்டும் போச்சு. ஒரு காலத்துல கமல் படம்னா ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வராம நேரா தியேட்டருக்குப் போற ஆளு. அப்ப அவரால வாசப்படி இறங்கறதே பெரும்பாடு. "உன்னால தியேட்டருக்கு வர முடியாதேப்பா, வீட்டுக்கே புதுப்படம் வருது"ன்னு சொன்னப்ப அவர் மூஞ்சியைப் பாக்கணுமே. "மொத நாளேவா?" அப்படின்னு ரெண்டு தடவை கேட்டார். அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டு மாமின்னு பன்னெண்டு பேர் பாக்குறதா இருந்துச்சு. முறுக்கு சுட்டாச்சு. காசு பின்னாடி திரும்பி வந்துடுச்சு, அதுல குறை இல்ல. ஆனா அந்த ஜனவரி 10-ம் தேதி சாயங்காலம் சட்டையெல்லாம் மாத்திட்டு உக்காந்திருந்தார் மனுஷன். தேதி தள்ளிப் போனதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முந்தின நாள் பூரா நான் தள்ளிப் போட்டுட்டேன், அதுல தப்பு என்னுதுதான். "பரவாயில்லடா, தியேட்டர்காரனும் பொழைக்கணும்ல"ன்னார். அவர் அந்தப் படத்தைக் கடைசியில பாத்தது திருட்டு டிவிடியில. ஆறு தலை தெரியுற பிரிண்டு. 1000 ரூபாயை நேர்மையாக் கட்டத் தயாரா இருந்த மனுஷனுக்கு இந்த ஊர் குடுத்தது அதைத்தான்.

இப்ப சொல்லுங்க, இதுல டிஷ் ஜெயிச்சுதா? கமல் போன திசை சரி. விலையும் நாளும் தப்புன்னு நான் அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். தியேட்டருக்கு முந்தின நாள்னா எதிரியைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்ற மாதிரிதான். 1000 ரூபா வச்சா வீட்டுக்கு இருபது பேர் கூடத்தான் செய்வாங்க, தியேட்டர்காரன் பயந்ததுலயும் நியாயம் இருக்கு. ஆனா அந்தச் சண்டையில யாருமே அப்பா மாதிரி ஆளுங்களப் பத்திப் பேசல பாருங்க. வயசானவங்க, படுக்கையில இருக்கறவங்க, கைக்குழந்தைக்காரங்க, இவங்க யாரும் எந்தத் தியேட்டரோட வாடிக்கையாளரும் இல்ல. இவங்க காசு எவன் கல்லாவுலயும் குறையப் போறதில்ல, கூடுதலாத்தான் வந்திருக்கும். அதை வாங்கிக்க ஒரு ஏற்பாடு பண்ணாம, முழுசாக் கொண்டு போய் டிவிடிக்காரன்கிட்ட குடுத்தோம்.

சரியா ஏழு வருஷம் கழிச்சு என்ன ஆச்சு? 2020 மே 29-ல 'பொன்மகள் வந்தாள்' நேரா அமேசான் பிரைம்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஏப்ரல்லயே தியேட்டர் சங்கத்துக்காரங்க, சூர்யா கம்பெனிப் படத்தை இனிமே ஓட்ட மாட்டோம்னாங்க. அதே வசனம், அதே முறைப்பு. இந்தத் தடவை நிக்கல. ஏன்னா இந்தத் தடவை பெட்டி தேவையில்ல, டிஷ் தேவையில்ல, முன்பதிவு தேவையில்ல. நம்ம ஆளுங்க 2013-லயே ஒரு ஒழுங்கு பண்ணி, கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் தியேட்டருக்கும் பங்கு பிரிச்சிருந்தா அந்தக் காசு நம்ம ஊர்லயே சுத்தியிருக்கும். அடிச்சுக்கிட்டே இருந்தோம், அமெரிக்காக்காரன் வந்து பந்தியில உக்காந்துட்டான்.

இதுக்கு நடுவுல மழைக் கதையையும் சொல்லிடறேன், இல்லன்னா பாண்டிக்காரன்னு சொல்லிக்க அருகதை இல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல். எங்க மாடி டிஷ் பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க்ல போய்ப் படுத்திருந்துச்சு. கேபிளும் அறுந்துச்சுதான். தெருவுல பாதி மரம் சாஞ்சு கிடந்துச்சு, கரண்ட்டே பல நாள் வரல. கரண்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் கேபிள் அண்ணன் தோள்ல ஏணியும் கையில ஒயர்ச் சுருளுமா வந்து நின்னார், ராத்திரி படம் வந்துச்சு. டிஷ்ஷுக்குப் போன் பண்ணேன். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்... ஆள் வந்தது பொங்கலுக்கு அப்புறம். புயலே வேணாம், சாதாரணப் பேய்மழை போதும். இந்த டிஷ்ஷெல்லாம் கூ-பேண்ட், மழைத்துளி சிக்னலை முழுங்கிடும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்து ஊர்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி ராத்திரியிலதான் நியூஸ் பாக்கணும்னு தோணும். அப்பத்தான் அது "சிக்னல் இல்லை"ன்னு எழுதிக் காட்டும்.

உண்மையைச் சொல்லணும்னா, கேட்டதைக் கேட்டப்ப குடுத்த டி.வி.யை நான் ஒரே ஒரு தடவைதான் அனுபவிச்சிருக்கேன். தொண்ணூறுகள் கடைசியில எங்க கேபிள் அண்ணன் ஓட்டின லோக்கல் சேனல். அவர் வீட்டு முன்னறையில ரெண்டு வி.சி.டி. பிளேயர், அவ்வளவுதான் மொத்த நிலையமும். அம்மா லேண்ட்லைன்ல கூப்பிட்டு, "தம்பி, இன்னைக்கு மத்தியானம் ஒரு பழைய சிவாஜி படம் போடேம்ப்பா"ம்பாங்க. "சரிம்மா, ரெண்டு மணிக்கு"ம்பார். போடுவார். மாசி மகத்தன்னைக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில சாமிங்க தீர்த்தவாரிக்கு நிக்கிறதை நேர்ல காட்டுவார். எங்க வீதியில பிரெஞ்சு பென்சன் வாங்குற சொல்தா குடும்பம் நாலஞ்சு இருந்துச்சு, அவங்க கேட்டதுக்காக டி.வி.5 போட்டார். டிஜிட்டல் பெட்டி வந்தப்ப அது வரிசையிலேர்ந்து காணாமப் போச்சு. அண்ணன்கிட்ட கேட்டா, "என் கையில இல்ல சார், மேல முடிவு பண்றாங்க"ன்னார். புதுப்பட வி.சி.டி.யையும் போட்டார்தான், அது திருட்டு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. உரிமை வாங்கி அதையே ஒழுங்காப் பண்ண ஒரு வழி காட்டியிருக்கலாம்கிறதுதான் என் கேள்வி. திருட்டை நிறுத்தறேன்னு வந்தவங்க, கேக்குறதையும் சேத்து நிறுத்திட்டுப் போயிட்டாங்க.

2019 பிப்ரவரியிலேர்ந்து, வேணுங்கிற சேனலை மட்டும் வாங்கிக்கலாம்னு டிராய் புது விதி கொண்டாந்துச்சு. அடிப்படைக் கட்டணம் 130, வரியோட 153 ரூபாய் 40 பைசா, அதுக்கு மேல சேனல் சேனலாக் காசு. பேப்பர்ல நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஒரு ராத்திரி முழுக்க நோட்டுப் போட்டுக் கூட்டிப் பாத்தேன், பழைய பில்லைவிட அதிகமா வந்துச்சு. தங்கமணி நோட்டைப் புடுங்கி வச்சுட்டா.

இப்ப நிலைமை என்ன? 2020 வாக்குல நாட்டுல காசு கட்டுற டி.டி.எச். வீடு ஏறக்குறைய 7 கோடி. 2024 மார்ச்ல டிராய் கணக்குப்படி 6.2 கோடி பக்கம். இறங்கிட்டே போகுது. புரட்சியாம்! கேபிளும் இறங்குது, அதை மறைக்கல. ஆனா எங்க கேபிள் அண்ணனோட பையன், அப்பா போட்ட அதே கம்பத்துல இப்ப ஃபைபர் இழுத்து இன்டர்நெட் குடுக்குறான். அதே ஒயர் வழியிலதான் இப்ப எங்க வீட்டுக்குக் கேட்ட படம் வருது. இருபது வருஷம் முன்னாடியே பண்ணியிருக்க வேண்டியது. அப்பா 2019-லயே போயிட்டார். அவர் இருந்தப்ப இது வந்திருந்தா அந்த ஆறு தலை பிரிண்டைப் பாத்திருக்க வேண்டியதில்ல.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். டிஷ்காரன் வருமானத்துல அரசுக்கு உரிமக் கட்டணம் கட்டுறான், கேபிளுக்கு அது கிடையாது, அதனால கேபிள் மலிவுன்னு நண்பர் கண்டிப்பாக் கேப்பார். அது நியாயமான பாயிண்ட், என்கிட்ட பதில் இல்ல.

இவ்வளவையும் நேத்து போன்ல அவர்கிட்டயே படிச்சுக் காட்டினேன். நடுவுல ரெண்டு தடவை "இல்லய்யா, இல்லய்யா"ன்னார். விஸ்வரூபம் வந்த இடத்துல ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா ஒரு உண்மை வெளிய வந்துச்சு: அவர் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் பண்ணியே எட்டு மாசம் ஆச்சாம். மாடியில வீட்டம்மா அதுல வடாம் காயப் போடறாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை அதைக் கழட்டணும், வரும்போது பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் கொண்டான்னார்.